மனப்பாடக் கேள்விகள்

ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பை நான் நிறுத்தினேன். மதிப்பெண்ணில் கை வைத்து நிறுத்தவில்லை. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, அவள் அப்பாவிடம் நாலு வார்த்தை பேசி நிறுத்தினேன். அவள் செய்த குற்றம், வகுப்பில் எழுந்து நின்று புரியவில்லை என்று சொன்னது.

அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஹைதராபாதில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. நாடெங்கும் பொதுத்துறை ஆலைகளுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். பி.எஸ்.ஸி. முடித்தால் ஏதாவது ஓர் ஆலையில் ஒரு மேசை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். நூறு பேருக்குக் கட்டிய கேலரி ஹாலில் நூற்றைம்பது பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசைக்கு என் குரல் போகாது, கரும்பலகை எழுத்தும் தெரியாது. பாதிப் பேர் தெலுங்கில் பள்ளி முடித்தவர்கள். உருதுவில் படித்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வேன், அவர்கள் எழுதுவார்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் ஹாலே ஒரே குரலில் "எஸ் சார்" என்று சொல்லும். அந்த "எஸ் சார்" ஒரு பொய் என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிற எனக்கும் தெரியும். அதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ட்யூடோரியல் என்று ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை, ஓர் ஆசிரியருக்கு ஒரு டஜன் பிள்ளைகள், லேபுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையில். ஹாலில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அங்கே கேட்கலாம் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. சில ஆசிரியர்கள் அங்கேயும் நோட்ஸே சொன்னார்கள். சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு எதிரே இருந்த இரானி ஹோட்டலுக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் அவர்களைவிட மோசமானதைச் செய்தேன்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஞானோதயம் வந்தது. பெரிய வகுப்புகளில் மாணவர்கள் மரக்கட்டைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைப் பேச வைக்க வேண்டும், கேள்வி கேட்க வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். ஹாலில் இன்னொரு மின்விசிறி போட வேண்டும் என்றோ, ஆசிரியர்களைக் கூட்ட வேண்டும் என்றோ தோன்றவில்லை. ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி கல்லூரி கல்லூரியாக வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்குமாம். எங்கள் பிரின்சிபால் என்னை அழைத்தார்.

"அன்று மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும்" என்றார். "கேட்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்."

நான் பார்த்துக்கொண்டேன். என் ட்யூடோரியல் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கேள்வி கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். ஹாலில் பரவி உட்காரச் சொன்னேன். நான் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தால் அடுத்தவர் எழுந்து கேட்க வேண்டும். சந்தேகம் கேட்பதற்கென்று இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், சந்தேகம் இருப்பதுபோல் நடிக்கப் பழக்கினேன். நாடகக் கம்பெனிக்காரன்கூட நடிகனுக்குக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வசனம் கொடுப்பான். நான் அதையும் செய்யவில்லை.

அந்தப் பெண் என் குழுவில் இருந்ததற்குக் காரணம் அவள் அப்பா. அவர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் குடும்பம். என் அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். நான் வளர்ந்ததும் அதே மெட்டுகுடா சந்துகளில்தான். அதனால் ஜூன் மாதம் அட்மிஷன் சமயத்தில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்.

"எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிக்கிறது இவதான் சார் முதல்ல. நம்ம பிள்ளையா நெனச்சு நீங்கதான் பாத்துக்கிடணும்."

"என் குரூப்பிலேயே போட்டுக்கிறேன். கவலைப்படாதீங்க" என்றேன். அன்று அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒத்திகையில் அவளுக்கு நான் கொடுத்த கேள்வி ஃப்ரிட்ஜைப் பற்றியது. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது என்றால் ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது, அது என்ட்ரோபி விதியை மீறவில்லையா? கேட்பதற்கு அறிவாளித்தனமாக இருக்கும். பதிலும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"சார், கொஸ்டின் பை-ஹார்ட் பண்ணிட்டேன்" என்றாள். "நீங்க சொல்லப்போற ஆன்சரும் தெரியும். நடுவுல அந்த என்ட்ரோபிதான் என்னன்னு தெரியல."

"அரே, உங்க வீட்ல ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினா தெரிஞ்சுடும்" என்று பக்கத்திலிருந்த பையன் உருதுவில் சீண்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அதை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல தடுமாறாமல் கேட்கப் பழகு."

"அப்புறம்னா எப்போ சார்?"

"கமிட்டி வந்துட்டுப் போகட்டும்."

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். அதே பதிலைத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது புத்தக வரையறையாகத்தான் தெரியும். ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்ததே இல்லை.

கமிட்டி வந்தது. முன்வரிசைக்கு முன்னால் பிரம்பு நாற்காலி போட்டு மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பிரின்சிபால் வாசலருகே நின்றுகொண்டார். முதல் இரண்டு கேள்விகள் திட்டப்படி வந்தன. பெரியவர்கள் தலையசைத்தார்கள். மூன்றாவது முறை விரலைத் துடைத்தேன். நடு வரிசையில் அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"சார், நான் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்க வேண்டும். கேள்வி ஞாபகம் இருக்கிறது. ஆனால் என்ட்ரோபி என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும் சார். இங்கே யாருக்கும் தெரியவில்லை."

பின் வரிசையிலிருந்து ஒருவன் உருதுவில், "ஹவ் சார், சமஜ் மே நை ஆயா!" என்றான். இன்னொரு மூலையிலிருந்து தெலுங்கில் "அர்த்தம் காலேது சார்!" என்று வந்தது. இரண்டும் புரியவில்லை என்பதுதான். பிறகு அது அலைபோல் கிளம்பியது. ஜூனிலிருந்து "எஸ் சார்" சொன்ன அதே வாய்கள். இன்று நினைத்தால் என் வேலைக்காலத்தில் ஓர் ஆசிரியனுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல நேரம் அதுதான். நூற்றைம்பது பேர் முதல்முறையாக என்னிடம் உண்மை பேசுகிறார்கள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.

"உட்கார்!" என்று கத்தினேன். பதற்றத்தில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். அதைச் சைகை என்று நினைத்து அடுத்த பையன் எழுந்து, தன் கேள்வியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

அன்று மாலையே நான் மெட்டுகுடா போனேன். வேறொரு மாணவி என்றால் என்ன செய்திருப்பேன்? பிரின்சிபால் அறையில் நிறுத்தித் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். இவள் நம்ம பொண்ணு. அதனால் வீடு வரை போகும் உரிமை எனக்கு இருந்தது. தமிழ் பேசாத ஊரில் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருக்க நாங்கள் வளர்த்த உறவை, அவள் கழுத்தைப் பிடிக்கப் பயன்படுத்தினேன்.

அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். "வாங்க சார், வாங்க. ஏட்டி, சார் வந்திருக்காக, நாற்காலி எடு" என்றார். அவள் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"நம்ம பொண்ணுன்னுதான் என் குரூப்புல சேர்த்தேன்" என்று ஆரம்பித்தேன். "இன்னைக்கு வெளி ஆளுங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டா."

"என்ன சார் சொல்லுதிய? இவளா?"

"அவ சொன்னதும் பின்னாடி இருந்த பசங்க எல்லாம் சேர்ந்துக்கிட்டாங்க. அத்தனை பசங்க முன்னாடி எழுந்து பேசுற தைரியம் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல. காலம் நல்லா இல்ல. கொஞ்சம் பார்த்துக்குங்க."

'பசங்க' என்ற சொல்லை நான் இரண்டு முறை சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒரு பெண்ணின் அப்பாவிடம் எது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, நான் சாரை எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா? அவர்தான் அப்புறம் அப்புறம்னாரு."

"வாயை மூடுட்டி. சார் பேசுதாருல்லா."

நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

இரண்டொரு நாளில் அவர் கல்லூரிக்கு வந்தார். ஒர்க்ஷாப் உடையிலேயே வந்திருந்தார், உட்காரவில்லை. "அவளை நிறுத்திட்டேன் சார். அவளால உங்க பேருக்கு ஒரு கொறை வரப்படாது." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவர் முகத்தில், நான் வேண்டாம் என்று தடுப்பேனோ என்ற எதிர்பார்ப்புக்கூட இருந்தது. ஒரு வார்த்தை போதும். "அட, அதெல்லாம் வேணாம், நாளைக்கு அனுப்புங்க" என்றால் அவள் மறுநாள் வகுப்பில் இருந்திருப்பாள்.

நான் சொன்னது: "உங்க இஷ்டம்."

கொஞ்ச நாளில் கமிட்டியின் அறிக்கை வந்தது. எங்கள் கல்லூரியைப் புகழ்ந்திருந்தார்கள். மாணவர்கள் பயமில்லாமல் தங்கள் சந்தேகத்தைச் சொல்லும் ஒரே வகுப்பு என்னுடையதுதானாம். பிரின்சிபால் என் கையைக் குலுக்கினார்.

"அந்தப் பெண்ணை அப்படிப் பேச வைத்தது பிரமாதமான யோசனை. நானே நிஜம் என்று நம்பிவிட்டேன்."

நான் புன்னகை செய்தேன். எந்த வாக்கியத்துக்காக அவள் வீட்டில் அடைபட்டுக் கிடந்தாளோ அந்த வாக்கியத்துக்கான பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. மற்றக் கல்லூரிகளுக்குப் போய், பெரிய வகுப்பை எப்படி உயிரோட்டமாக நடத்துவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். போனேன். மாலை போட்டார்கள், வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் கதையையும் சொன்னேன், என் சாதனையாக.

அப்படி ஒரு கூட்டத்தில் ஓர் இளம் ஆசிரியை கேட்டார்: "அந்த மாணவி இப்போது எப்படிப் படிக்கிறாள் சார்?"

"நன்றாகப் படிக்கிறாள்" என்றேன்.

மேடையில் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பேச்சைப் பாதியில் நிறுத்தினேன். தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வரும் நேரம் பார்த்து மறுபடியும் மெட்டுகுடா போனேன். அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்தது, அவள் மறுபடி மறுபடி கேட்டது, நான் ஒதுக்கியது, பசங்க என்று சொன்னது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

இந்த முறை காப்பி வரவில்லை.

"இதை அன்னைக்கே சொல்லுறதுக்கு என்ன சார்? ஒங்க ரூம்ல வந்து நின்னேனே. படிச்ச மனுசன் சொல்லுதாருன்னு எம் பிள்ளை பேச்சை நான் நம்பலையே. அவ இப்போ ஜீடிமெட்லால மாத்திரை கம்பெனில பேக்கிங் வேலைக்குப் போறா. எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசி மாசக்கணக்காச்சு. நான் என்னன்னு போயி அவட்ட சொல்ல? நீங்களே போயிச் சொல்லுங்க."

ஜீடிமெட்லாவில் அந்தக் கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும்வரை நின்றேன். மருந்து நெடி தொண்டையைக் கரித்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் தோழிகளை முன்னால் போகச் சொன்னாள்.

"கைக்கு சார் இங்க வந்தீங்க?"

ஏன் வந்தேன் என்று அவள் ஹைதராபாத் உருது கலந்து கேட்டதற்கு, அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். பிரின்சிபாலிடம் பேசித் திரும்பச் சேர்த்துவிடுகிறேன், என்ட்ரோபி முதல் எல்லாவற்றையும் நானே தனியாகச் சொல்லித்தருகிறேன் என்றேன்.

"நக்கோ சார். எனக்குத் தனியா ஒண்ணும் வேணாம். அன்னைக்கும் எனக்குத் தனியாவா கேட்டேன்? ஹால்ல யாருக்கும் புரியலன்னுதானே சொன்னேன்." கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொன்னது சரி. காலேஜ்ல என்ன நினைச்சுட்டிருக்காங்க? ஏதோ பையன் விஷயம், அதான் நிறுத்திட்டாங்கன்னு. சர்ச்சுல வந்து எங்க அம்மாகிட்டயே கேட்டிருக்காங்க. எந்த ஹால்ல உட்காருன்னு கத்துனீங்களோ, அங்க சொல்லுங்க."

"சொன்னா நீ திரும்பி வருவியா?"

"பேரம் பேசுறீங்களா சார்?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் ஹாலில் சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும் உருதுவிலும். அன்று கேட்ட கேள்விகள் எல்லாம் நான் கொடுத்தவை, அந்தப் பெண் சொன்னது மட்டும்தான் உண்மை, அதற்காக அவள் வீட்டுக்குப் போய் அவளைப் பற்றித் தப்பாகப் பேசினேன், அவள் படிப்பு நின்றதற்குக் காரணம் நான், வேறு எந்தக் காரணமும் இல்லை என்று சொன்னேன். அவர்கள் என்னை மன்னித்து உருகுவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது என்பதையும் இங்கே மறைக்கப்போவதில்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், இதுவும் ரிஹர்சலா?"

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

பிரின்சிபால் கொதித்தார். கல்லூரி மானத்தை வாங்கிவிட்டேன் என்றார். நான் மெட்டுகுடாவில் சொன்ன அதே சொற்கள். மேடைப் பேச்சு வேலையைப் பிடுங்கினார்கள். அந்தப் பெண்ணை அதே ஆண்டில் திரும்பச் சேர்க்க முடியாது, அட்டென்டன்ஸ் இல்லை, வேண்டுமானால் அடுத்த ஜூனில் முதலாமாண்டிலிருந்து வரட்டும் என்றார். வருகைப் பதிவில் அத்தனை கண்டிப்பு. ட்யூடோரியலுக்குப் போகாமல் டீ குடிக்கப் போன ஆசிரியர்களுக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது.

பாடம் நடத்தும் முறையை மாற்றினேன். கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிறுத்துவேன். பக்கத்திலிருப்பவனிடம் அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லுங்கள், எங்கே இடறுகிறதோ அதை என்னிடம் கேளுங்கள் என்பேன். சந்தைக்கடை மாதிரி இரைச்சல். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. "நோட்ஸ் குடுங்க சார், பரீட்சைக்கு அதுதானே" என்று பிள்ளைகளே கேட்டார்கள். இருந்தாலும் ஹாலில் இரண்டு மூன்று கைகளாவது எழும்பின. ட்யூடோரியலில்தான் ஒன்றும் நடக்கவில்லை. என்ன புரியவில்லை என்று அந்தக் குழுவை வாரம் தவறாமல் கேட்டேன். வருஷம் முடியும்வரை ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

அவள் எங்கள் கல்லூரிக்கு வரவில்லை. பௌதிகத்துக்கும் திரும்பவில்லை. கம்பெனி வேலையை விடாமல், வேறொரு கல்லூரியில் மாலை வகுப்பில் பி.காம். சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு நாள் அவள் அப்பா என் அறைக்கு வந்தார். ரிடையர் ஆகியிருந்தார். அவள் பாஸ் செய்துவிட்டாள் என்றார். அதற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்ல ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்திருக்கிறார்களாம்.

"நான் வரலாமா?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "கூப்பிடலாமான்னு அவட்ட கேட்டேன் சார். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லைங்கா. ஆனா பாக்க வேண்டாம்ங்கா."

சரி என்றேன். அவர் பையிலிருந்து ஒரு ஸ்வீட் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நானா கொண்டாந்தது. அவளுக்குத் தெரியாது" என்றார். நான் எழுந்து வாசல் வரை போகப் பார்த்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவரே போய்விட்டார்.